தெளிவில்லை

நிமிடத்துக்கு ஒன்றரை ரிங்கிட்.
பேசியதைப் பேசியபடியே தட்ட வேண்டும்.
இருமல், தயக்கம், நாய் குரைப்பு
எல்லாம் சதுர அடைப்புக்குள்.
மூன்று விநாடிக்கு மேல் மௌனமென்றால்
எத்தனை விநாடி என்றும் போட வேண்டும்.
காதில் பிடிபடாததற்கு ஒரே சொல்: [தெளிவில்லை].

மார்கெட்டா, பிராக் நகரத்துக்காரி.
சடங்குகளை ஆராய வந்திருக்கிறாள்.
ஜெலுத்தோங்கில் ஒரு டயர் கடைக்குப் பின்னால்
சாக்கடையை ஒட்டி முனியாண்டி நிற்கிறார்.
நான்கடி தள்ளிச் சிவப்புக் கூண்டில், சொங்கோக் போட்டு, டத்தோ கோங்.
அவருக்குப் பன்றி இறைச்சி ஆகாது.
இவருக்குச் சுருட்டும் ஸ்டவுட்டும் வேண்டும்.
இதுவரை எல்லைத் தகராறு வந்ததில்லை என்கிறார் பூபாலன்,
வாரம் ஆறு நாள் டயர் மாற்றுகிறவர்,
வெள்ளி இரவு மட்டும் முனியாண்டி.
கோப்பில் அவர் பெயர் தகவலாளி ஏழு.
அவர் அவளை 'மார்க்கெட்டம்மா' என்கிறார்.
அப்படியே தட்டுகிறேன்.

ஆயர் ஈத்தாம், பதினான்காம் மாடி.
பிள்ளை தூங்கிய பிறகு இயர்போனை மாட்டினால்
உடுக்கை நேராக மண்டைக்குள் அடிக்கிறது.
நடுவில் அவள் கேள்விகள்:
சாமி வரும்போது முதலில் தெரிவது காலிலா, கழுத்திலா?
எலுமிச்சைக்குப் பதில் வேறு பழம் வைத்தால்?
பலிக்காவிட்டால் யார் பொறுப்பு?
[சிரிப்பு, 6 விநாடி]
"டயருக்கு வாரண்டி இருக்கும்மா. இதுக்கு இல்ல."

அவள் அனுப்பிய அட்டவணையில்
காப்பு, ஏவல், கழிப்பு, குறி என்று கட்டம் கட்டமாக இருந்தது.
என் கார் வந்த அன்று நாலு சக்கரத்தடியிலும்
எலுமிச்சை நசுங்கியதே, அது எங்கே என்று தேடினேன்.
காப்பு, மூன்று ஆ.
கொஞ்சம் வெட்கமாயிருந்தது. கொஞ்சம் பெருமையும்தான்.
அதே காருக்கு வருஷம் ஆயிரத்திருநூறு வாங்கிக்கொண்டு
காகிதத்தில் முத்திரை குத்தித் தரும் காப்புறுதிக்காரன்
எந்தக் கட்டத்திலும் இல்லை.

அப்புறம் இது:
ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும்
டொக், டொக், டொக்.
[தட்டும் ஒலி] என்று இருபத்திரண்டு தடவை எழுதிவிட்டேன்.
ஒருநாள் பிளாஸ்டிக் மேசை போலிருக்கிறது.
எழுந்துபோய், எங்கோ மரத்தைத் தேடித் தட்டிவிட்டு
திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.
அதற்கும் கட்டம் இல்லை. நான் கேட்கவுமில்லை.

இருபத்து மூன்றாம் கோப்பு. நாற்பத்தோராவது நிமிடம்.
"இன்றைக்குப் போதும், நன்றி."
அணைக்கும் சத்தம் வரவேண்டும். வரவில்லை.
லைட்டர். கேன் உடைகிறது.
பிறகு அவள், மலாயும் தமிழும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ள:
"அண்ணே. அப்பா. ஹோஸ்பிட்டல்.
எனக்கு... பாக்க முடியுமா?"

"சாமி மலையேறிட்டாரேம்மா."

[மௌனம், 19 விநாடி]

"இருங்க."

உடுக்கைப் பையன் வீட்டுக்குப் போய்விட்டான்.
ஸ்பானரால் டயர் ரிம்மைத் தட்டுகிறார் பூபாலன்.
முதலில் தாளம் கூடவில்லை. பிறகு கூடியது.
அதற்கப்புறம் வந்தது அவர் குரல் இல்லை.

பதினோரு நிமிடம்.
ஒரு சொல் தப்பாமல் கேட்டது எனக்கு.
அவள் அழுததும், எந்த மொழியில் அழுதாள் என்பதும்.

ஒப்பந்தம் எதையும் விடாதே என்கிறது.
மேல் அம்புக்குறியை இரண்டு முறை அழுத்தி
எழுதியதை அழித்தேன்.
[தெளிவில்லை, 11 நிமிடம்].
பதினாறு ரிங்கிட் ஐம்பது சென், கணக்கில் சேர்க்கவில்லை.

அனுப்பும் முன் கை தானாக மேசைக்குப் போனது.
மேசை ஃபார்மைக்கா.
அடுப்படியில் தேங்காய் துருவுகிற பலகை
மரம்தான்.
மூன்று தடவை. பிள்ளை எழாதபடி, மெதுவாக.