பதிவுத் தபால்

பதினேழு உறைகள். ஒரே அச்சு, ஒரே கனம்.
கிழக்குச் சாலையில் தொடங்கி உப்பேரி வரை
அறுபத்தெட்டு கிலோமீட்டர், பாதி பனி, பாதி சேறு.
ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கவேண்டும்.
உள்ளே என்ன இருக்கிறதென்று
தபால்காரிக்குத் தெரியக்கூடாது.
தெரியும்.
வெள்ளிக்கிழமை வானொலி கேட்ட
சஸ்காச்சுவான் முழுக்கத் தெரியும்.

ஓரெஸ்ட் கோபெல் கன்று ஈனும் பசுவின் பின்னால் நின்றார்,
முழங்கை வரை ரத்தம்.
"நீயே பிரித்துப் படி."
படித்தேன்: உங்கள் பதிவுச் சான்றிதழ் இனிச் செல்லாது.
"எப்போதிலிருந்து?"
போன வெள்ளியிலிருந்து.
"அப்படியானால் சனிக்கிழமை நான்…"
ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை அவர் கூரைத் தகடு மாற்றிக்கொண்டிருந்தார்.
துப்பாக்கி இரும்புப் பெட்டியில்,
குண்டுகள் வேறு அறையில், சாவி இன்னோர் இடத்தில்,
சட்டம் சொன்னது சொன்னபடி.
அது நகரவில்லை. அவரும் நகரவில்லை.
கோடுதான் இரவில் எழுந்து
அவரைத் தாண்டிப் போய்ப்
படுத்துக்கொண்டது.

என் பேனாவில் ரத்தக் கட்டைவிரலோடு கையெழுத்திட்டார்.
பிறகு பசு கத்தியது. திரும்பிவிட்டார்.

வெண்டி ஃப்ரோசனுக்கு உறை இல்லை,
விதைப் பட்டியல் மட்டும்.
வண்டியின் பின்னிருக்கையில் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.
"நல்லது. ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு போகட்டும்."
அவள் தம்பியை எந்தத் துப்பாக்கி கொன்றது,
அதற்குச் சான்றிதழ் இருந்ததா என்று
இந்த ஊரில் யாரும் அவளிடம் கேட்டதில்லை.
நானும் கேட்கவில்லை.
தக்காளி விதை விலை ஏறிவிட்டது என்றேன்.
ஏறிவிட்டது என்றாள்.

ஜெராலின் வாப்பாஸ் நின்றபடியே படித்துச் சிரித்தாள்.
உணவுக்காக வேட்டையாடுபவர்,
வேறு துப்பாக்கி கிடைக்கும்வரை,
இதைப் பயன்படுத்தலாமாம்.
"பசிக்கிற வரைக்கும் நான் யோக்கியம்.
சாப்பிட்டு முடித்தால்?"

மற்றவர்களுக்கு:
சுடக்கூடாது. விற்கக்கூடாது. இரவல் கூடாது.
ஒப்படைக்கலாம், ஆனால் ஒப்படைக்கக் கொண்டுபோகக்கூடாது,
யாராவது வந்து வாங்கும்வரை.
யார் வருவார்கள் என்பது பிறகு அறிவிக்கப்படும்.
அதே குழல், அதே குண்டு, பிடி மட்டும் வால்நட் மரம் என்றால்
பட்டியலில் இல்லை.
அக்டோபர் வரை மன்னிப்பு.
அப்புறம் அடுத்த அக்டோபர் வரை.
குற்றவாளி ஆவதற்கும்
தவணை முறை வந்துவிட்டது.

பதினாறு முடிந்தது.
உப்பேரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன்.
பதினேழாவது என் பெயருக்கு.

பதினோரு வருடம் மனிதரில்லாத மண்மேட்டில்
காகித வட்டங்களைச் சுட்டிருக்கிறேன்.
இரண்டு கோப்பை, ஒரு காது மந்தம்.
ஒவ்வொரு நாளும் என் பெயரைக் கணினியில் போட்டுச்
சலித்தார்கள்.
ஒரு கல் விழவில்லை, ஒரு உமி விழவில்லை.
பூட்டு வாங்கு என்றார்கள், வாங்கினேன்.
இன்னும் பெரிய பூட்டு என்றார்கள், வாங்கினேன்.
சொன்னதைக் கேட்டவர்களின் முகவரிதான்
அவர்களிடம் இருந்தது.
கேட்காதவனுக்கு எந்தத் தெருவில் கொண்டுபோய்க் கொடுப்பேன்?

ரசீதில் மூன்று கட்டங்கள்.
பெற்றுக்கொண்டார்.
வாங்க மறுத்தார்.
அப்படி ஒருவர் இந்த முகவரியில் இல்லை.

மூன்றாவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதில் பொய்யே இல்லை என்று தோன்றியது.

பேனா உறைந்திருந்தது.
ஓரெஸ்டின் பசுவின் ரத்தம் மூடியில் கருத்திருந்தது.
வாயருகே வைத்து ஊதினேன்.
முதல் கட்டத்தில் குறியிட்டேன்.
கொடுத்தவர்: நான். பெற்றவர்: நான்.
நேரம் எழுதவும் ஓர் இடம் இருந்தது.
கடிகாரம் பார்த்துச் சரியாக எழுதினேன்.
நான்கு நாற்பத்தொன்று.