நாலு விரல் கீழே

தொட்டியின் உட்சுவரில்
விளிம்புக்கு நாலு விரல் கீழே
பழுப்பாய் ஒரு கோடு.
ஒருவரும் கீறியதில்லை.
விடிந்தால் இருக்கும்.

உப்புவெளியில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
கொதிக்கிறது ஜக்கூசி.
ஆறு பேர் இறங்கலாம் என்று பலகை சொல்கிறது.
நேற்று ஒன்பது பேர்.
சன் கிரீம், தலைமயிர் மெழுகு,
கொழும்புக் கலியாணக் கோஷ்டியின் சென்ட்,
எல்லாவற்றுக்கும் மேலே மிதக்கிறது
மசாஜ் அறை லோகாம்பிகை அக்காவின்
நல்லெண்ணெய்.

சவர்க்காரம் கூடாது.
மோட்டரைப் போட்டதும் நுரை எழும்பி
படியிறங்கிப் புல்லுக்குப் போகும்.
முதல் கிழமை நான் போட்டேன்.
திலினி மிஸ் சிரித்தா.
பிறகு சிரிக்கவில்லை.

ஈரத்துணியில் அப்பச்சோடா.
வட்டமாய்த் தேய்த்தால் கோடு பரந்து மேகமாகும்,
அதனால் கோட்டோடு போக வேண்டும்.
பில்டரை உருவி
மடிப்பு மடிப்பாய்ப் பீச்சிக் கழுவ வேண்டும்,
சூரை மீனின் பூவைக் கழுவுவது போல.
இரவுக்கு இரண்டு டென்னிஸ் பந்து மிதக்க விட்டால்
பந்தின் மயிர் எண்ணெயைக் குடிக்கும்.
காலையில் அவை கிடக்கும் கிடப்பு
மழையில் அகப்பட்ட கோழிக்குஞ்சு.

அக்காவிடம் போய்ச் சொன்னேன்,
உங்கட ஆட்களை நேரே அனுப்பாதீங்கோ.
கையைத் துடைக்காமலே கேட்டா:
"பூச எனக்குச் சம்பளம்.
கழுவ உனக்குச் சம்பளம்.
நான் நிப்பாட்டினால்
உனக்கு இங்க என்னடா வேலை, கஜரூபன்?"
மறுமொழி இருக்கவில்லை.
மூன்று மொழியில் எழுதி ஒட்டினேன்:
முதலில் உடம்பைக் கழுவவும்.
அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள்,
எண்ணெய் மினுங்க.

போன மாதம் கன்னியாவுக்குப் போனேன்,
மாமாவின் அந்தியேட்டி.
ஏழு கிணறு, ஏழு விதமான சூடு.
அள்ளி ஊற்றினால்
தலையால் வழிந்து, காலால் ஓடி
போனது போனதுதான்.
ஐயர் என் பெயரைச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டாராம்.
நான் கிணற்றுக்குள் குனிந்து
நாலு விரல் கீழே தேடிக்கொண்டு நின்றேன்.
பாசி இருந்தது.
கோடு இல்லை.

என் தொட்டியில் மூன்று மாதமாய் அதே தண்ணீர்.
சூடாக்கி, சுழற்றி, திரும்பச் சூடாக்கி,
வந்து போன ஒவ்வொருவரிலும் கொஞ்சம்
பிடித்து வைத்துக்கொள்கிறது.
வீட்டுக்குப் போகும் வழியில்
உட்துறைமுகத்தைப் பார்த்தேன்.
கப்பலின் வயிற்றிலும் இதே கோடு, கறுப்பாய்,
என் வீட்டு வாசலை விட நீளமாய்.
அதற்கு எத்தனை பந்து வேண்டும் என்று
பஸ் திரும்பும் வரைக்கும் கணக்குப் பார்த்தேன்.

கார்த்திகை. வாடை தொடங்கிவிட்டது.
அறைகள் பூட்டிக் கிடக்கின்றன.
நாளைக்கு முழுத் தண்ணீரையும் திறந்து விடு
என்றா திலினி மிஸ்.

இரவு பத்து மணிக்கு மேல் அக்கா வந்தா.
"சூடு இருக்கா?"
இருக்கு என்றேன்.
படியில் குந்தி
முழங்கை வரைக்கும் இரண்டு கையையும் உள்ளே விட்டா.
இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது.
பதினொரு வருடமாய் அந்நியர் முதுகுகளில் நடந்து
இன்றைக்குத்தான் எங்கோ உட்கார்ந்த கைகள்.
நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை.
மோட்டர்தான் கதைத்தது.
பந்துகள் அவவின் கையில் முட்டாமல்
எடுத்து ஓரமாய் வைத்தேன்.

விடிய மூடியைத் திறந்தேன்.
தண்ணீர் இறங்க இறங்க
படியோரம் தெரிந்தது,
இரண்டு சாண் நீளத்துக்கு
மெல்லிசாய், புதுசாய், மினுங்கிக்கொண்டு.

கொஞ்ச நேரம் நின்றேன்.
துணியில் சோடாவைக் கொட்டினேன்.
கோட்டோடு போனேன்.