ஒரு சாண் மூச்சு

ஆகஸ்டில்தான் பதிவு செய்தோம்.
அப்போது மிலான் நகரமே கதவைச் சாத்திவிட்டுக்
கடலுக்கோ மலைக்கோ போயிருக்கும்.
மற்ற மாதங்களில் பதினோரு நிமிடத்துக்கு ஒரு டிராம்,
நிலவறைச் சுவர் அதிரும்,
பாடுகிறவர் பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

நீவெஸ் பென்ஸோவை அன்று தெரியாதவர் இல்லை.
முடிதிருத்தும் கடைக் கண்ணாடிகளின் ஓரத்தில்
அவள் படம் செருகியிருக்கும்.
கியோஜாவில் சிப்பி விற்றவரின் மகள்.
மைக்கின் முன் செருப்பைக் கழற்றிவிடுவாள்,
பிரிஞ்சி இலை போட்ட வெந்நீரை
ஊதி ஊதிக் குடிப்பாள்.
ஆல்பத்தின் பெயர் "மீன் விற்காத திங்கட்கிழமை".
"அப்பாவின் கை நாறாத ஒரே நாள்" என்றாள்,
சிரிக்காமல்.

ஒன்பதாவது பாட்டு.
கடைசி வரிக்கு முன்னால் பியானோ நிற்கிறது.
தெல்மோ விரல்களை மடியில் வைத்துக்கொள்கிறார்.
அந்த வெறுமையில்
அவள் மூச்சை இழுக்கிறாள்.
கிணற்றில் வாளி இறங்குவதுபோல்
நீளமாக, கொஞ்சம் கரகரப்பாக.

"வெட்டு" என்றார் தயாரிப்பாளர் ரஸ்தெல்லி.
"பாடகிக்கு நுரையீரல் இருப்பது
ஊருக்கு எதற்குத் தெரிய வேண்டும்?"

என் வேலை பிளேடும் பசைநாடாவும்.
வெட்டினேன்.
அளந்தால் சரியாக ஒரு சாண் டேப்.
எண்சாண் உடம்பில் ஒரு சாண் மூச்சு.
எறிய மனம் வரவில்லை,
நாற்காலிக் கையில் ஒட்டிவைத்தேன்.

மறுநாள் கேட்டுப் பார்த்தவள்
அந்த இடத்தில் கையைத் தூக்கினாள்:
"இங்கே நான் செத்துப்போயிருக்கிறேன்.
யார் செய்தது?"
ரஸ்தெல்லி சிகரெட் தேடினார்.
நான் என் காலணியைப் பார்த்தேன்.
"திரும்ப வை" என்று சொல்லிவிட்டு
மாலை ரயிலுக்குப் போய்விட்டாள்.

வாசலில் தொழிற்சாலை வண்டிக்காரன்
ஹாரன் மேல் ஹாரன்.
வைத்தேன்.
இரு முனையும் ஒரே சாய்வாக வெட்டியது;
தலை எது கால் எது என்று டேப்புக்குத் தெரியாது,
எப்படித் திருப்பினாலும் பொருந்தும்.
பொருந்தியது.

நவம்பரில், கடையில் வாங்கிய தட்டில்தான் கேட்டேன்.
இழுத்த மூச்சு
பின்னாலிருந்து ஓடி
பெருமூச்சாகியிருந்தது.

யாருக்காக அந்தப் பெருமூச்சு என்று
ஞாயிறு இதழ் நாலு பக்கம் எழுதியது.
போலோஞாவில் ஒரு மருந்துக்கடைக்காரர்
தனக்காகத்தான் என்று மூன்று கடிதம் போட்டார்.
தூரினிலிருந்து கார் ஆலைப் பெண்ணொருத்தி:
"இரண்டாம் ஷிப்ட் முடிந்து
நான் காலணியைக் கழற்றும்போது வரும் சத்தம் அது,
உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"
பார்களில் நாணயம் போட்டு
ஒன்பதாவது பாட்டையே கேட்டார்கள்.
அந்த இடம் வரும்போது
கோப்பை கழுவுகிறவன் குழாயை மூடினான்.

பிறகு மேடைகளில்
அவளே அதைப் பழகிக்கொண்டாள்.
பியானோ நிற்கும்,
அவள் இருந்த மூச்சையெல்லாம் விட்டுவிடுவாள்,
கடைசி வரியை
வெறும் நெஞ்சோடு பாடுவாள்.
குரல் நூலாகும், சில ஊர்களில் அறுந்துபோகும்.
அறுந்த ஊர்களில்தான் எழுந்து நின்று கைதட்டினார்கள்.
நான் பின் வரிசையில்
பர்ஸின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

மூச்சுக்கு முந்நூறு தடவை
சொல்லிவிடலாம் என்று நினைத்ததுண்டு.
யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு முறை, டிராம் நிறுத்தத்தில்.
பனிமூட்டம், பச்சைக் கோட்டு, அவளேதான்.
"எட்வீஜே, பிளேடுக்காரி" என்றாள்.
என் கண்ணையே பார்த்தாள்.
பிறகு மெதுவாக, கரகரப்பாக,
வாளி இறங்குவதுபோல்
ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள்,
ஒரு சாண் இருக்கும்.

டிராம் வந்தது.
ஏறிக்கொண்டாள்.
அதை அவள் எங்கே வெளியே விட்டாளோ,
தெரியாது.