கழுவக் கொடுத்த சுருள்

எங்கள் குடும்பத்தில் கல்யாணப் படம் இல்லை.
அம்மாவுடையதும் இல்லை, மாமாக்களுடையதும் இல்லை.
சின்னண்ணன் சாரணர் உடுப்பில் நின்றது,
அக்காவின் சாமத்தியவீடு,
எவரென்றே மறந்துபோன ஒரு தலைப்பாகைக்காரர்,
எல்லாம் அலுமாரியோடு போயிற்று
எண்பத்து மூன்றில், ஒரு திங்கட்கிழமை,
மத்தியானச் சோறு வடிக்க முதல்.

இருப்பது பன்னிரண்டு.
பம்பலப்பிட்டியில் ஒரு ஸ்டூடியோவில்
கழுவக் கொடுத்திருந்த ஒற்றைச் சுருள்.
முகாமிலிருந்து வந்த பிறகு ஒருநாள்
அப்பாவின் சேர்ட் பைக்குள் ரசீது அகப்பட்டது.
அந்தச் சேர்ட்டோடு அல்லவா ஓடினார்.
ஸ்டூடியோக்காரர் பியதாச காசு வாங்கவில்லை.
'வாங்கியிருக்கலாம்' என்றார் அப்பா, பஸ்ஸில்,
கடித உறையை மடியில் வைத்தபடி.
வெள்ளவத்தை வரும்வரை வேறொன்றும் பேசவில்லை.

லபுகம நீர்த்தேக்கம். அதே ஜூலையின் முதல் ஞாயிறு.
எங்கள் ஒஸ்டின், பக்கத்து வீட்டுக்காரரின் வான்,
புல்லில் விரித்த பூப்போட்ட மேசைத்துணி,
கட்லட், அவித்த முட்டை, ஒரு வாளி ஐஸில் நெக்டோ.
கொழும்பே குடிக்கிற தண்ணீர், கால் வைக்காதே என்று
அப்பா கத்தியது படத்தில் இல்லை.
நான் வைத்தது கால் மட்டுமல்ல என்பதும் இல்லை.
ஏழு வயது. யாரும் பார்க்கவில்லை.

பிறகு எதற்கும் இந்தப் பன்னிரண்டுதான்.
ஞானப்பு மாமா ரொறன்ரோவில் இறந்தபோது
நாலாவது படத்திலிருந்து தலையை வெட்டினோம்.
சட்டத்துக்குள், மாலைக்குள்,
அவர் காதுக்குப் பின்னால் ஒரு போத்தலின் கழுத்து.
அக்காவின் விசாவுக்கு ஒன்பதாவது:
நாங்கள் ஒரே குடும்பம் என்பதை
முட்டையைச் சுற்றிக் குந்தியிருந்ததை வைத்து
எங்கேயோ ஓர் அதிகாரி நம்பினார்.
எங்கள் செத்தவர்கள் எல்லாரும் வெயிலுக்குக் கண் சுருக்குகிறார்கள்.
வாயில் ஏதோ இருக்கிறது.
அப்பா மட்டும் அடையாள அட்டைப் படத்தோடு போனார்.
படம் எடுத்தவர் அவர்தானே.

போன புதன் அம்மா.
ஏழாவது படம், தலை பின்னால் சாய்ந்த சிரிப்பு.
பத்திரிகை அலுவலகத்தில் மரண அறிவித்தல் எடுக்கிற பெடியன்
திரையைப் பெருப்பித்துவிட்டுக் கேட்டான்:
'அன்ரியின் தோளிலை ஆற்றையோ கை. எடுத்துவிடட்டே?'

ஆருடைய கை?
வளையல் இல்லை. மணிக்கூடு, உள்மணிக்கட்டுப் பக்கம் திருப்பி.
சின்னண்ணனுக்குப் போன் எடுத்தேன்: மாமாவின் கை என்றான்.
அக்கா அங்கே நடுச்சாமத்தில் எழும்பிச் சொன்னாள்:
மாமா இடக்கைக்காரர், மணிக்கூடு வலக்கையில்தான்.
இது சோமலதா அன்ரி. நேர்ஸ்மார் அப்படித்தான் கட்டுவார்கள்.

பக்கத்து வீட்டு சோமலதா அன்ரி.
அந்தத் திங்கள் அவர்கள் வீட்டு யன்னல்கள்
காலையிலிருந்தே சாத்தியிருந்தன.
சத்தம் வந்தபோது சாத்தியவையா, முன்பே சாத்தியவையா,
அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன்.
'அவைக்கும் பிள்ளையள் இருந்தது' என்றா.
அரிசி களைந்துகொண்டிருந்தா. நிறுத்தவில்லை.
பிறகு ஒவ்வொரு வெசாக்குக்கும்
யாருக்கோ ஒரு வாழ்த்து மடல் போட்டு வந்தா.
பதில் வந்ததாய் எனக்குத் தெரியாது.

பெடியன் காத்திருந்தான். மவுஸில் விரல்.
'கை இருந்தால் அகலம் கூடும், அங்கிள்.
ஒரு சென்ரிமீற்றர். காசும் அதுக்கேற்ற மாதிரி.'
இருக்கட்டும் என்றேன்.
பர்ஸை எடுத்து எண்ணி வைத்தேன், மிச்சம் வாங்காமல்.

அப்போதுதான் கண்டேன்: படத்தின் அடியில், புல்லில்,
முழங்கைகளை விரித்துக் கமராவைப் பிடித்தபடி
ஒரு நிழல். அம்மாவின் சேலைக் கரைவரை நீண்டிருந்தது.
அதையும் சேர்க்க எவ்வளவு என்று கேட்டேன்.
உயரத்தில் இன்னும் நாலு சென்ரிமீற்றர்.
அடுத்த அறிவித்தலில் இடிக்கும் என்றான்.
அது வேறு யாரோ, கொட்டாஞ்சேனை, வயது எண்பத்தொன்று.