பாரம் இறங்க இறங்க

திங்களன்று கட்டவிழ்த்தபோது
வயிற்றில் பன்னிரண்டு டன் கரி,
பின்கட்டில் எரிவாயு உருளைகள், தொட்டி தளும்ப டீசல்.
விளிம்புக்கும் நீருக்கும் நடுவே ஒரு சாண்தான்.
மேல்காற்று வந்து விலாவில் முட்டிப் பார்த்தது;
மதிலை முட்டிய கன்றுக்குட்டிபோல்
தலையை உதறிக்கொண்டு போனது.

ஒரு டன் இறங்கினால் ஓர் அங்குலம் எழும்.
கணக்கு அவ்வளவுதான். இதைத்தான்
ஒவ்வொரு பனிக்காலமும் மறந்துவிடுகிறேன்.

டாம்சினுக்கு நான்கு மூட்டை;
இடுப்பில் குழந்தை, பல்லிடுக்கில் பணத்தாள்.
வெண்டலுக்கு ஆறு.
பாலத்தடி இரட்டைப் படகுக்காரர்களுக்கு இருபது,
அதில் ஒன்று கிழிந்திருந்ததென்று ஒரு சண்டை.
செவ்வாய். புதன்.
காசுப்பெட்டி கனத்தது, படகு நிமிர்ந்தது.
செஷயரின் தட்டை வயல்களுக்கு அப்பாலிருந்து
காற்று பார்த்துக்கொண்டிருந்தது.

வியாழன், பெயர் வைத்த புயல் வந்தது.
வானொலியில் கேட்டபோது
வரி வசூலிக்க வருபவன் பெயர்போல் இருந்தது.
லோர்கன் காய்ச்சலோடு உள்ளே சுருண்டு கிடந்தான்.
"இன்றைக்கு நில்" என்றான்.
நிற்கலாம்.
பட்டியலில் இன்னும் ஒன்பது அடுப்புகள்.
இரும்புக்கூட்டில் அடுப்பு அணைந்த இரவு
விட்ட மூச்சே கூரையில் சேர்ந்து
முகத்தில் சொட்டும்.

வேலி இருக்கும்வரை தொல்லையில்லை.
மாடுகள் இறங்க வேலியில் ஒரு வழி விட்டிருப்பார்கள்,
அங்கே காத்திருந்து அறையும்.
எழுபதடிக்கு அந்தப் பக்கம் படகின் மூக்கு மட்டும்
வேறெங்கோ போகப் பார்க்கும்.
சுக்கானை இடுப்பால் நெட்டி,
மூக்கைக் காற்றுக்குள் கொடுத்து,
நண்டுபோலச் சாய்ந்து சாய்ந்து
நேராகப் போனேன்.

வேகம் இருந்தால்தான் சுக்கான் பேச்சைக் கேட்கும்.
வேகம் எடுத்தாலோ
கரையில் கட்டிய படகுகளின் முளைகள்
ஈரச் சேற்றைவிட்டுப் பிடுங்கிக்கொள்ளும்.
"மெதுவா!" என்று ஜன்னல்கள் கத்தின.
மெதுவாகப் போனால் உங்கள் ஜன்னலுக்குள்தான் வருவேன், அம்மா,
என்று நானும் கத்தினேன்.
காற்று அதை எடுத்துப்போய்
ஆட்டு மந்தையிடம் சொன்னது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளலாம்தான்.
என்னிடம் இருந்தது கரித்தூள்.
தூற்றியது காற்று,
வாங்கிக்கொண்டது என் கண்.

பிறகு மேட்டுக்கரை.
வேலியில்லை, மரமில்லை;
கால்வாயைத் தட்டில் வைத்து
வானத்துக்கு நீட்டியிருக்கிறார்கள்.
எட்டு மூட்டை மிச்சம். தக்கைபோல் இருந்தேன்.
மேடு முடிகிற இடத்தில்
ஒரே தள்ளு.
போய் ஒட்டினேன்,
ஐவோவின் படகில்.

பட்டியலில் இல்லாத படகு.
நவம்பரிலிருந்து பாக்கி.
விளக்கணைத்துக் கடந்துவிடலாம் என்றிருந்தேன்.

இரண்டு கோட்டு மாட்டிய ஐவோ வெளியே வந்தான்.
முதலில் ஒரு பழைய டயரை
இரண்டு இரும்புக்கும் நடுவே இறக்கினான்.
பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்.
பாக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை,
நானும்.

ஆளுக்கொரு கழி ஊன்றினோம்.
அவன் கழி ஒடிந்தது.
என் கழி சேற்றோடு நின்றுகொண்டது,
நான்தான் திரும்பி வந்தேன்.
இயந்திரத்தை முறுக்கினேன்; கறுப்பு நீர் கொதித்ததே தவிர
ஒரு விரற்கடை நகரவில்லை.
அணைத்தேன்.
அணைத்ததும் லோர்கன் இருமுவது கேட்டது.
ஐவோவின் புகைக்குழாயில் புகையில்லை என்பதும்
அப்போதுதான் கண்ணில் பட்டது.

இரண்டு மூட்டையைத் தூக்கி அவன் தளத்தில் போட்டேன்.
"வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன்" என்றான்.
எந்த வெள்ளி என்று கேட்க வாயைத் திறந்தேன்;
உள்ளே காற்றுதான் போனது.

லோர்கனை அந்த அடுப்பருகே கிடத்தினோம்.
இரவு முழுக்க டயர் முனகியது.
ஆறு மூட்டை.
இன்னும் இரண்டு அங்குலம்கூட
நான் கனமில்லை.