முழங்கால் ஆழம்

பண்ணைப் பாலம் தாண்டி இடப்பக்கம் அந்த விடுதி.
அதன் முதுகில்
கடல்நீரேரிக்குள் நீண்ட ஒரு பலகைமேடை.
அதில் வைத்துத்தான் தாலி கட்டலாமாம்.

கஜானன் டேப்லெட்டைத் தட்டித் தட்டிக் காட்டுகிறான்.
நூற்றிருபது வெள்ளைக் கதிரை, ஓர்க்கிட் வளைவு,
தலைக்குமேல் ட்ரோன்,
பின்னேரம் ஆறு பதினாலுக்கு
உங்கள் இரண்டு மூக்குக்கும் நடுவில் சூரியன்.
"பூநாரைக்கு மட்டும் உத்தரவாதம் இல்லை மிஸ்.
வந்தால் வரும்."

லுட்சேர்ன் ஏரியைப் பார்த்தபடி
பதினொரு வருடம் ஆட்களின் பற்காரை சுரண்டியவள் நான்.
அந்த ஏரிக்கு மணமே இல்லை.
முதல் கலியாணமும் அதன் கரையில்தான்.
படங்கள் எல்லாம் வடிவு,
ஒன்றில்கூட ஒருவரும் கண் மூடியிருக்கவில்லை.

இதற்கு மணக்கிறது.
சேறும் சாதாளையும்
எங்கோ வெயிலில் மறந்துபோன இறாலும்.
என் கை மூக்குக்குப் போனதைக் கஜானன் கண்டுவிட்டான்:
"அண்டைக்கு மணக்காது மிஸ், ஸ்பிறே அடிப்பம்."
ஒரு நீரேரிக்கு எந்த இடத்தில் ஸ்பிறே அடிப்பார்கள்?
தயாபரனோடு சேர்ந்து சிரிக்கத் திரும்பினேன்.

அவன் சிரிக்கவில்லை.
கைபிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி
கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றான்.
"கிளாலியும் இதே தண்ணிதானே."
தொண்ணூற்றி மூன்று. ஒன்பது வயது. இரவுப் படகு.
அம்மாவின் சீலைக்குள் தலையை அமுக்கி
தண்ணியைப் பாராதே, தண்ணியைப் பாராதே என்றார்களாம்.
"அப்ப இதுதான் முதல் தரம்," என்றான்.
"பகலில."

கஜானன்
திரையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை
மெல்ல நிறுத்தினான்.

அப்போதுதான் கண்டோம்,
களங்கண்டித் தடிகளுக்கு நடுவில் ஒருவனை.
படகு இல்லை. நடந்து வருகிறான்,
நடுநீரில், காதில் இயர்போனோடு.
இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையில்
நாய்க்குட்டிபோல மிதந்து வருகிறது ஒரு றெஜிபோம் பெட்டி.
"அண்டைக்கு இவையை வரவேண்டாமெண்டு சொல்லிவைப்பம்,"
கஜானன் அவசரப்பட்டான்.

"எவ்வளவு ஆழம்?"
"இந்தப் பக்கமெல்லாம் முழங்கால்தான் சேர்."
"நடுவிலயுமா?"
"நடுவிலயும்."
"நடுவிலயுமா?"

சப்பாத்தைக் கழற்றினான்.
சூரிச் விமானநிலையத்தில் வாங்கியது, தோல் மணம் இன்னும் போகாதது.
இரண்டையும் ஒரு வெள்ளைக் கதிரையில் இருத்திவிட்டு
இறங்கினான்.
நான் சீலைக் கரையைச் சொருகிக்கொண்டு பின்னால்.
செருப்போடு இறங்கியது என் பிழை.

தண்ணீர் இளஞ்சூடு.
எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனைப்போல
ஒவ்வோர் அடியாகக் குனிந்து பார்த்து நடந்தான்.
நான் கை நீட்டவில்லை.
அவனே வந்து பிடித்தான்,
ஈரமில்லாத கை, ஆனாலும் வழுக்கியது.

யூட் என்று பெயர் சொன்னவன்
ஒரு காதை மட்டும் விடுவித்துப் பெட்டியைத் திறந்தான்.
ஏழு நண்டு. நீலக் கால்கள்.
"கலியாணமோ? எப்ப?"
"ஆனியில."
"ஆனியிலயோ!" வாய்விட்டுச் சிரித்தான்.
"சோளகம் உங்கட வளைவைத் தூக்கிக் கொண்டுபோய்க்
கோட்டைக்குள்ள போடும்."
சிரித்த வாயோடு
விலையில் ஐம்பது ரூபாயும் குறைக்கவில்லை.

மேடையிலிருந்து கஜானன் கை ஆட்டினான்.
வெளிச்சம் இப்போது சரியாம்,
சும்மா ஒரு படம், காசு வேண்டாமாம்.
திரும்பினோம்.

அந்தப் படத்தில் தயாபரன் கண் மூடியிருக்கிறான்.
நான் பாதி குனிந்து
சேறு இழுத்துக்கொண்ட செருப்பைத் துழாவுகிறேன்.
எங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில்
யூட்டின் பெட்டி.

முற்பணம் கட்டவில்லை. திகதியும் குறிக்கவில்லை.
ஒற்றைச் செருப்போடு ஓட்டோவில் ஏறினேன்.
பின்சீற்றில் எங்கள் இருவருக்கும் நடுவில்
ஏழு நண்டும்
பையைக் கீறிக்கொண்டே வந்தன,
பாலம் முழுக்க.