பம்பருக்குப் பின்னால்

டண்டினோங் ரவுண்டபவுட்டில்
பின்னால் வந்து முட்டியது ஒரு யூட்.
சின்ன இடிதான். சீட்டில் கிடந்த முட்டைப்பெட்டிகூடத் தப்பியது.
இறங்கி வந்த பெடியன் மூன்றுதரம் மன்னிப்புக் கேட்டான்,
நான் படமெடுக்க லைசென்சைத் தூக்கிப் பிடித்தான்.
அவன் கைதான் நடுங்கியது.
பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கீறல்.

"இதுக்கெல்லாம் கிளெயிம் வேணுமோ?"
என்றான் செந்தூரன், கோப்பையிலிருந்து நிமிராமல்.

டிக்கி பூட்டுப்படவில்லை.
அதற்காகத்தான் கொண்டுபோனேன்.

ஐந்து படம் அனுப்பச் சொன்னது இன்சூரன்ஸ்.
ஆறாம் நிமிடம் பதில் வந்தது:
அறுநூற்று இருபது டாலர்.
குர்பான் அலி ஃபோனை வாங்கிப் பார்த்துச் சிரித்தான்.
"படம் தோலை மட்டும் பார்க்கும், சிஸ்டர்."

பயற்றங்காய் முறிக்கிற சத்தத்தோடு
கிளிப்புகள் ஒவ்வொன்றாய்க் கழன்றன.
உள்ளே இரும்புச் சட்டம் முழங்கைபோல் மடங்கியிருந்தது.
புதுக் காயம், மினுங்கியது.
அதற்குப் பக்கத்தில் விரல் தடிப்பில் பட்டி,
அவசரத்தில் ஒட்டிய வெல்டிங், அதன் ஓரமெல்லாம் துரு.
"இது போன கிழமையில் நடந்ததில்லை" என்றான்.

பம்பரின் உட்புறம் ஒரு மாஸ்கிங் டேப்.
மார்க்கரில் எங்கள் கார் நம்பர்,
செந்தூர், ஷெப்பர்டன், மார்ச் 9, கேஷ்.

அந்த மார்ச்சில் அவனுக்குக் கம்பனியில் ட்ரெயினிங்.
ஆறு கிழமை, ஜீலோங்கில், தங்கி நின்று.
வெள்ளி இரவுகளில் வீடு வருவான்,
கையில் ஒரு பெட்டி பேரிக்காய்.
சந்தையில் மலிவு என்றான்.
நகக்கண்ணில் கறுப்புக் கோடு இருந்தது;
தேசிக்காய்ப் பாதி தேய்க்கக் கொடுத்தேன்.
எனக்குப் பேரிக்காய் விருப்பம் என்று
ஞாபகம் வைத்திருக்கிறானே என்று
வேலைத்தலத்தில் வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கம்பனியில் அந்த வருசம் ஆட்குறைப்பு நடந்ததை
பிறகு யாரோ கதைத்தார்கள்.
"எங்களைத் தொடேல்லை" என்றிருந்தான்.

ஃபோனில் இன்சூரன்ஸ்காரி. களைத்த குரல், பிழையில்லாத மரியாதை.
"முந்தைய சேதம் பற்றி உங்களுக்குத் தெரியுமா?
ஆம், இல்லை. இரண்டில் ஒன்று சொல்லுங்கள்."

ஹொயிஸ்டில் கால் நாலும் தொங்க
அந்தரத்தில் நின்றது கார்.
கீழே நின்று அதன் வயிற்றைப் பார்த்தேன்;
ஏழு வருசத்தில் முதல் தடவை.
"இல்லை" என்றேன்.
உண்மைதான். பதிந்துகொண்டாள்.
ஆறு வெள்ளியும் தோல் சீவி, துண்டு வெட்டி,
உப்பும் தூளும் தூவித் தின்றவளிடம்
அவள் கேட்கவில்லை.

புதுசு அவர்களுக்கு, பழசு எங்களுக்கு:
ஆயிரத்து நூற்று நாற்பது.
மாதாமாதம் தந்தால் போதும் என்றான் குர்பான்,
டேப்பை மெல்ல உரித்து என் கையில் வைத்து.
அவன் முகத்தைப் பார்க்கவில்லை நான்.

யாரோ வளர்த்த நாயின் மணம் வீசும்
இரவல் காரில் வீடு வந்தேன்.
டேப் பர்சுக்குள், மெடிகெயர் காட்டில் ஒட்டிக்கொண்டு.

செந்தூரன் பிள்ளையின் சப்பாத்துக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தான்.
"எவ்வளவாம்?"

"இன்னும் முழுசாய்க் கழற்றேல்லையாம்" என்றேன்.